சட்டைக்கென்று துணி நெய்ததில் கற்றவை: தறியில் எடுத்த அளவை நம்பலாமா?

பதிவு 1
பாவுநூல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னிமலைப் பக்கத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒன்றரை ஆண்டாகத் தறி பழகி வருகிறேன். துண்டும் மேசை விரிப்பும் நெய்து கை ஓரளவு படிந்த பிறகு, என் கணவருக்கு ஒரு முழுக்கைச் சட்டைக்கான துணியை நானே நெய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். துணி நன்றாகவே வந்தது. ஆனால் தைக்கக் கொடுத்தபோது முழுக்கைக்குத் துணி போதவில்லை. அரைக்கைச் சட்டைதான் தைக்க முடிந்தது. எங்கே தவறினேன் என்று பல நாள் யோசித்து, என் கணக்குகளை அப்படியே கீழே தருகிறேன். சட்டைத் துணி நெய்ய நினைக்கும் வேறு யாருக்காவது இது பயன்படும் என்பதாலும், எனக்கு இன்னும் விளங்காத இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதாலும் எழுதுகிறேன்.

நூல் 2/40 பருத்தி, அதாவது 40-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை அடங்குகின்றன என்பதே நூலின் நம்பர் ஆகையால், 2/40 நூல் பருமனில் ஒற்றை 20-ஆம் நம்பருக்குச் சமம். ஒரு கிலோவில் ஏறத்தாழ 33,800 மீட்டர் இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைக் கோக்கும் சீப்பு போன்ற அச்சு 48-ஆம் நம்பர், அதாவது இரண்டு அங்குலத்துக்கு 48 பல். பல்லுக்கு இரண்டு இழை வீதம் கோத்ததில் அங்குலத்துக்கு 48 இழை வந்தது. 32 அங்குல அகலத்துக்கு 1,536 இழைகள். குறுக்கே ஓடும் ஊடை அங்குலத்துக்கு 44. பாவும் ஊடையும் சேர்ந்து ஏறத்தாழ 330 கிராம் நூல் பிடித்தது.

பாவின் நீளம் 4.2 மீட்டர். பாவு இழைகளை மேலும் கீழும் பிரிக்கும் விழுதுக்குப் பின்னால் நெய்ய முடியாமல் நின்றுவிடும் கடைப்பகுதிக்கும் முன்முடிச்சுகளுக்கும் 75 செ.மீ. ஒதுக்கினேன். 3.3 மீட்டர் நெய்து முடித்தேன். இந்த 3.3 மீட்டர் என்பது, பாவு இழுவிசையில் நிற்கும்போது, நெய்த துணியைச் சுற்றும் படமரத்தில் சுருட்டச் சுருட்ட அளவுநாடாவை வைத்து அளந்து கூட்டிய அளவு. அறுத்து எடுத்துத் தரையில் விரித்தபோது அது 3.18 மீட்டர் ஆகியிருந்தது. வெந்நீரில் நனைத்துக் கஞ்சி போகத் துவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு அளந்தபோது 2.97 மீட்டர்தான் இருந்தது. அகலம் அச்சில் 32 அங்குலம், அறுத்ததும் முப்பதே முக்கால், துவைத்த பின் இருபத்தொன்பதே கால்.

ஆக நீளத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு போயிற்று. காரணம் தெரிந்த பிறகு இதில் வியப்படைய எதுவும் இல்லை. தறியில் பாவு இழுபட்டு நிற்பதால் ஒவ்வொரு இழையும் ஏறக்குறைய நேராகவே கிடக்கிறது. இழுவிசை விட்டதும் அது ஊடையின் மேலும் கீழும் வளைந்து உட்காருகிறது. வளைகிற அளவுக்கு நீளம் குறைகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி இழை ஊதிப் பருக்கிறது. பருத்த ஊடையைச் சுற்றி வரப் பாவுக்கு இன்னும் அதிக நீளம் தேவைப்படுகிறது. அதுவரை இழைகளை விறைப்பாக நிறுத்தியிருந்த கஞ்சியும் அப்போதுதான் கரைந்து போகிறது. தறியில் நான் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்ட அந்த மொடமொடப்பு கஞ்சியினுடையது, துணியினுடையது அல்ல என்பதும் துவைத்த பிறகே தெரிந்தது. துணி மென்மையாகவும் சற்று நெருக்கமாகவும் மாறியிருந்தது. சட்டைக்கு அதுவே நல்லது.

இப்போது என் கேள்விகள். முதலாவது, கட்டங்கள் பொருந்தாமல் போனது பற்றி. இரண்டு அங்குலக் கட்டம் வைத்திருந்தேன். ஊடையில் 88 இழைக்கு ஒருமுறை நிறம் மாற்றினேன். எண்ணிக்கையில் ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆயினும் விலாத் தையலில் முன்பக்கக் கட்டமும் முதுகுக் கட்டமும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கின்றன. இரண்டாவது, வெட்டுவது பற்றி. கத்தரி பட்ட இடமெல்லாம் நூல் பிரிந்து வந்து, தையற்காரர் மிகவும் வருந்தினார். இதற்கு முறையான வழி என்ன?

பதிவு 2
குழித்தறி

அம்மா, உங்கள் கணக்கைப் படித்தேன். இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு நெய்பவர்கள் குறைவு. நான்கு தலைமுறையாகத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்த குடும்பம் எங்களுடையது. அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்; ஓரிடத்தில் உங்களோடு மாறுபடவும் செய்கிறேன்.

உங்கள் துணி பத்துப் பங்கு சுருங்கியதற்குத் தண்ணீரை மட்டும் காரணமாகச் சொல்வது சரியன்று. பழகுநர்கள் எல்லோரும் பாவை மிதமிஞ்சி இறுக்குவார்கள். இறுக்கினால் மிதித்ததும் பாவு இழைகளுக்கு இடையே வாய் நன்றாகத் திறக்கிறது, ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா தடையின்றி ஓடுகிறது, ஆகவே அது சரியென்றே தோன்றும். ஆனால் இறுக்கிய பாவு நீண்டு நிற்கும் கடன்பட்ட பாவு. அறுத்தவுடன் அந்தக் கடனைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். அறுத்த அன்றே உங்கள் துணி 12 செ.மீ. குறைந்ததைப் பாருங்கள். அப்போது தண்ணீர் பக்கத்திலேயே வரவில்லை. வாய் திறக்க எவ்வளவு இழுப்பு போதுமோ அவ்வளவு மட்டும் வையுங்கள். என் தந்தை உள்ளங்கையைப் பாவின் மேல் படிய வைத்து அழுத்திப் பார்ப்பார். கை சற்று உள்ளே இறங்கி மீள வேண்டும், பலகைமேல் வைத்தாற்போல் நிற்கக் கூடாது.

இரண்டாவது, அடி, அதாவது அச்சால் ஊடையை அடித்து நெருக்குவது. 88 இழை எண்ணியதில் பிழை இல்லை என்கிறீர்கள், நான் நம்புகிறேன். பிழை எண்ணிக்கையில் இல்லை, அடியில் இருக்கிறது. காலையில் நெய்யும் கையும் மாலையில் நெய்யும் கையும் ஒன்றல்ல. ஒரு நாள் அங்குலத்துக்கு 44 விழும், களைத்த நாளில் 42 விழும். 42 விழுந்தால் அதே 88 இழை இரண்டு அங்குலத்தில் அடங்காமல் சற்றுத் தள்ளி நிற்கும். வித்தியாசம் ஒரு கட்டத்துக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் முதுகின் நீளத்தில் பதினெட்டுக் கட்டம் வரும். பதினெட்டையும் கூட்டினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம் ஆகிவிடும். அதுதான் உங்கள் விலாத் தையலில் தெரிகிறது.

தறியை நிறுத்திவிட்டு எழுந்து போகும்போது பாவின் இழுப்பைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் போங்கள். இழுபட்டபடியே இரவெல்லாம் நின்ற பாவில் மறுநாள் முதல் அடி விழும்போது ஒரு கோடு விழும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால், எத்தனை முறை எழுந்து போனீர்கள் என்பதை அந்தக் கோடுகளை வைத்தே எண்ணிவிடலாம்.

காற்றும் ஒரு காரணம். பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கும், வறட்சியில் அறும். தரைக்குள் குழி தோண்டித் தறி வைத்ததில் மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கும் பயனும் இருந்தது. நீங்கள் மேலே நிற்கும் சட்டத்தறியில் நெய்கிறீர்கள் என்றால், ஆடிக் காற்று வீசும் நாட்களில் சன்னலை அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் துண்டு நெய்து துவைத்துப் பார்க்க வேண்டும் என்று இங்கே யாராவது சொல்லக்கூடும். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. கை சரியாக இருந்தால் அதற்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

பதிவு 3
கத்தரிக்கோல்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தையற்கடை நடத்துகிறேன். கைத்தறித் துணியை வெட்டப் பயப்படும் தையற்காரர்கள் பலர் உண்டு. அந்தப் பயம் நியாயமானதே. ஆலைத் துணியில் ஒரு பிழை நேர்ந்தால் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். இங்கே அது இயலாது.

முதலில் அம்மாவின் 2.97 மீட்டரைப் பார்ப்போம். உயரமானவருக்கு முன்பகுதியும் முதுகும் 84 செ.மீ. வீதம் 168 ஆகும். இருபத்தொன்பதே கால் அங்குல அகலத்தில் முன்பகுதியின் இரண்டு பாதிகளும் பக்கத்தில் பக்கமாக அடங்கிவிடும், முதுகுக்குத் தனி நீளம் வேண்டும். முழுக்கை இரண்டும் பக்கத்தில் பக்கமாக அடங்கா. ஒன்றன்கீழ் ஒன்றாக 63 வீதம் 126. ஆக மொத்தம் 294. காலர், தோள்பட்டி, கைப்பட்டி ஆகியவற்றைக் கைகளுக்குப் பக்கத்தில் மீதமாகும் பட்டைகளில் எடுத்துவிடலாம். ஆகவே கட்டமில்லாத துணியாக இருந்திருந்தால் உங்கள் 2.97 மீட்டரில் முழுக்கைச் சட்டையே தைத்திருக்க முடியும். கட்டம் இருந்ததால்தான் முடியவில்லை. கட்டத்தைப் பொருத்த, ஒவ்வொரு பகுதியையும் ஒரு கட்டம் மேலே கீழே நகர்த்த இடம் வேண்டும். துவைத்த பின் உங்கள் கட்டம் நாலரை செ.மீ.; நான்கு பகுதிக்கு 18. அப்படியானால் 312 வேண்டும். கைத்தவறுதலுக்கும் சேர்த்து 325 கேளுங்கள். கட்டத் துணி நெய்பவர்கள் இந்தக் கணக்கை நூல் வாங்கும் முன்பே தையற்காரரிடம் போட்டுக்கொள்ள வேண்டும்.

குழித்தறி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முன்பகுதியின் இரண்டு பாதிகளும் ஒரே நீளத்தில் பக்கத்தில் பக்கமாக வெட்டப்படுவதால், அடி எப்படி விழுந்திருந்தாலும் அவை ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். சிக்கல் முதுகில்தான், ஏனெனில் அது வேறொரு நாள் நெய்த இடத்திலிருந்து வருகிறது. ஆகவே கை நன்றாகப் பழகி ஒரே சீராக விழும் நடுப்பகுதியில் முன்பகுதிக்கும் முதுகுக்குமான துணியை அடுத்தடுத்து நெய்யுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் கைகளுக்கு விடுங்கள். கையில் கட்டம் அரை செ.மீ. பிசகினால் எவர் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது வெட்டும் முறை. துவைத்து உலர்த்திய துணியில் சுண்ணக்கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் நேராக வெட்டாதீர்கள். வெட்டுக்கோட்டுக்கு உட்புறமாக, மிக நெருக்கமான தையல் ஒன்றைச் சுற்றிலும் ஓட்டிவிட்டுப் பிறகு வெட்டினால், நூல் அந்தத் தையலைத் தாண்டிப் பிரியாது. கழுத்து வளைவிலும் கைக்குழி வளைவிலும் இரண்டு ஓட்டம் வேண்டும். அங்கே வெட்டு குறுக்காக விழுவதால் பாவும் ஊடையும் இரண்டுமே அவிழும். தையலுக்கு விடும் இடத்தை வழக்கமான ஒரு செ.மீ.க்குப் பதிலாக ஒன்றரை வையுங்கள். விலாவையும் தோளையும் விளிம்பு உள்ளே மடிந்து மறையும்படி இரட்டைத் தையலாகப் போடுங்கள்.

தறியின் ஓரத்தை வீணாக்காதீர்கள். நாடா திரும்பிய ஓரம் ஒருநாளும் பிரியாது. பொத்தான் பட்டியின் உள்விளிம்பு ஓரத்தில் வருமாறு முன்பகுதியை அமைத்தால், அந்த இடத்தில் மடிப்பே தேவையில்லை, பட்டியும் தடிக்காது. இதற்காகவே ஓரம் நேராக இருக்க வேண்டும் என்று நெசவாளரிடம் கேட்டுக்கொள்வேன்.

பதிவு 4
பாவுநூல்

கத்தரிக்கோல் ஐயாவுக்கு மிகவும் நன்றி. 294-க்கும் 297-க்கும் இடையே மூன்று செ.மீ.தான் மீதம் என்று கண்டபோது மனம் கனத்துவிட்டது. குழித்தறி ஐயா, பாவை நான் இறுக்கித்தான் வைத்திருந்தேன், உள்ளங்கை இறங்கவில்லை. ஆயினும் மாதிரி வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கை நான்கு தலைமுறை அனுபவத்தின் கை. என் கை நாளை எப்படி அடிக்கும் என்று எனக்கே தெரியாதபோது, துவைத்த துண்டைத் தவிர வேறு எதை நம்புவேன்?

பதிவு 5
சிங்கை வாசகி

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் ஒரு சிறிய மேசைத்தறி வைத்திருக்கிறேன். அதில் 16 அங்குலத்துக்கு மேல் நெய்ய முடியாது. அதனால் துணியிலிருந்து சட்டையை வெட்டுவது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, துணியின் அகலத்துக்கு ஏற்ற உடை எது என்று தேடத் தொடங்கினேன்.

ஜப்பானியக் கிமோனோவுக்கு நெய்யும் துணி ஏறத்தாழ 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்டது. அதை நேர்க்கோட்டில் மட்டுமே வெட்டுவார்கள். உடல், கை, கழுத்துப்பட்டி எல்லாம் நீள்சதுரங்களே. ஆகவே துண்டு துணுக்கு மீதமாவதில்லை, தையலைப் பிரித்துவிட்டால் மீண்டும் ஒரே நீளத் துணியாக இணைத்துத் துவைக்கலாம். நம் நாட்டுப் பழைய ஜிப்பாவின் வெட்டும் அதே அறிவைக் கொண்டதுதான். தோளில் தையல் இல்லாமல் மடித்துப் போட்ட ஒரு நீள்சதுரம் உடலுக்கு. கைகள் இரண்டு நீள்சதுரங்கள். விலாவில் விரிவு தர நீண்ட முக்கோணத் துண்டுகள். கை தூக்கும்போது இழுக்காமலிருக்க அக்குளில் ஒரு சிறு சதுரம். கழுத்தைத் தவிர வளைவான வெட்டு எங்குமே இல்லை. இவ்விரண்டு உடைகளையும் வடிவமைத்தவர்கள் நெசவின் உழைப்பை உணர்ந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். ஓர் அங்குலத் துணியில் எத்தனை முறை கையும் காலும் அசைந்தன என்று தெரிந்தவர்களுக்கு அதைக் கத்தரித்துக் குப்பையில் போட மனம் வராது.

அடுத்த முறை பாவுநூல் அவர்கள் முழுக்கைச் சட்டைக்குப் பதிலாக ஒரு ஜிப்பாவை நினைத்துப் பார்க்கலாம்.

நிறம் பற்றியும் ஒன்று. கட்டத் துணியில் அடர்நிற நூல் இருந்தால், நெய்வதற்கு முன்பே அந்த நூலில் சிறிதளவை வெள்ளை நூலோடு சேர்த்து முடிந்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சென்னைக் கட்டத் துணி 1960-களில் அமெரிக்காவில் சாயம் கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டது உண்மைதான். கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவதை அங்கே விரும்பி அணிந்தார்கள். ஆனால் அது தெரிந்து செய்தது. என் முதல் துணியில் கருநீலம் வெள்ளையில் இறங்கியது தெரியாமல் நிகழ்ந்தது. இரண்டு மாத உழைப்பு ஒரே வாளித் தண்ணீரில் கெட்டது.

பதிவு 6
குழித்தறி

பாவுநூல் அம்மாவின் கேள்வியை இரண்டு நாளாக எண்ணிப் பார்த்தேன். நாங்கள் மாதிரி நெய்யாததற்குக் கை மட்டும் காரணம் அல்ல என்பது இப்போது விளங்குகிறது. எங்கள் வீட்டில் ஒரே நம்பர் நூல், ஒரே அச்சு, ஒரே அகலம் என்று பல ஆண்டுகள் ஓடின. புதுப் பாவைப் பழைய பாவின் கடைசி இழைகளோடு இழைக்கு இழை பிணைத்து ஓட்டுவோம். ஆகவே இப்போது நெய்வதற்கு முன்பு நெய்த அத்தனையும் மாதிரிதான். மேலும் நாங்கள் நெய்தது வேட்டியும் சேலையும். நாலு முழ வேட்டி நான்கு விரற்கடை குறைந்தாலும் கட்டிக்கொள்ளலாம். சட்டையின் கை அப்படியன்று. ஒரு முறை நூல் வேறிடத்திலிருந்து வந்தபோது, எங்கள் வேட்டிகள் முதல் சலவையிலேயே அளவு குறைந்துவிட்டன என்று திரும்பி வந்ததும் நினைவுக்கு வருகிறது. அன்று என் தந்தை நூலைத்தான் குறை சொன்னார். ஒரு முழம் நெய்து துவைத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். நூல் மாறினால், அச்சு மாறினால், நெய்பவர் மாறினால் மாதிரி வேண்டும். ஆனால் மாதிரியை நெய்யும்போது, உண்மைத் துணிக்கு வைக்கப்போகும் அதே இழுப்பை வையுங்கள். தளர்வாக மாதிரி நெய்து, இறுக்கமாகத் துணி நெய்தால் அந்த அளவு உங்களை ஏமாற்றும்.

ஜிப்பா பற்றிச் சிங்கை அம்மா எழுதியது உண்மை. ஆயினும் கணவருக்குச் சட்டைதான் வேண்டும் என்றால் சட்டையே தைத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோடித் துணியில் மஞ்சள் தடவித்தான் கட்டுவார்கள், கத்தரி படக் கூடாது என்பார்கள். அவர்கள் சட்டை அணியாத காலத்து மனிதர்கள்.

பதிவு 7
கத்தரிக்கோல்

விடுபட்டது ஒன்று. காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியையும் உங்கள் துணியோடு சேர்த்தே நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். துணி சுருங்கி முடித்த பிறகு உள்துணி சுருங்கினால் காலர் குமிழ்விடும். அதை எந்த இஸ்திரியாலும் சரிசெய்ய முடியாது.

பதிவு 8
பாவுநூல்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன், ஏனெனில் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுத விரும்பினேன்.

மீந்த நூலில் எட்டு அங்குல அகலத்துக்கு 384 இழையில் ஒரு சிறு பாவு ஓட்டினேன். இம்முறை உள்ளங்கை இறங்கும் அளவுக்கே இழுப்பு வைத்தேன். வாய் சற்றுக் குறுகலாகத்தான் திறந்தது, முதல் நாள் நாடா இரண்டு முறை இழைகளில் சிக்கியது, பிறகு பழகிவிட்டது. நெய்த துண்டில் சரியாக 50 செ.மீ. இடைவெளியில் சிவப்பு நூலால் இரண்டு அடையாளம் வைத்து அறுத்தேன். முதல் சலவைக்குப் பின் 46.5, இரண்டாவது சலவைக்குப் பின் 46, மூன்றாவதற்குப் பிறகும் 46. ஆக, இழுப்பைக் குறைத்ததில் பத்துப் பங்காக இருந்த சுருக்கம் எட்டாகக் குறைந்தது. மீதி எட்டும் தண்ணீரும் பருத்தியும் சேர்ந்து செய்வது. குழித்தறி ஐயா சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஒரே சலவையோடு நிறுத்தியிருந்தால் அரை செ.மீ. தப்பியிருக்கும் என்பதையும் குறித்துக்கொண்டேன். கருநீல நூலை வெள்ளையோடு முடிந்து வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், கசியவில்லை.

புதிய கணக்கு இது. துவைத்த துணி 325 செ.மீ. வேண்டுமானால் தறியில் 353 நெய்ய வேண்டும். ஊடையைச் சுற்றி வளைவதால் தறியிலேயே பாவில் குறையும் நீளத்துக்கு நூற்றுக்கு நான்கு பங்கு சேர்த்தால் 367. கடைப்பகுதிக்கு 75 சேர்த்தால் 442. இதற்கு மேல் கைத்தவறுதலுக்கென்று கொஞ்சம் சேர்த்து 4.7 மீட்டராக வைத்திருக்கிறேன். முன்பு ஓட்டியதைவிட அரை மீட்டர்தான் கூடுதல். நூலாகப் பார்த்தால் பாவில் 23 கிராம். அந்த 23 கிராமுக்காகத்தான் ஒரு சட்டையின் கைகள் போயின.

கட்டத்துக்கு ஒரு வழி கண்டேன். முதுகின் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டி, கட்டம் மாற வேண்டிய இடங்களை அதில் கோடிட்டு, துணியின் ஓரத்தில் குண்டூசியால் குத்தி, துணியோடு படமரத்தில் சுருட்டிக்கொண்டே போகலாம். 88 எண்ணி முடித்ததும் காகிதக் கோட்டோடு ஒப்பிட்டு, தள்ளியிருந்தால் அடுத்த கட்டத்தில் அடியைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம். பிழை ஒரு கட்டத்தோடு நின்றுவிடும், பதினெட்டும் சேர்ந்து பெருகாது. மாதிரித் துண்டிலேயே இதைச் செய்து பார்த்தேன், கட்டங்கள் பொருந்தின. நெய்யும் வரிசையும் கத்தரிக்கோல் ஐயா சொன்னபடியே: முதலில் ஒரு கை, பிறகு முன்பகுதி, அதை ஒட்டி முதுகு, கடைசியில் மறுகை.

கணவரிடம் ஜிப்பாவா சட்டையா என்று கேட்டேன். முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்றார். பாவு ஓட்டும் முளைகளை 4.7 மீட்டருக்கு அடித்தாகிவிட்டது. மழை விட்டு வெயில் வந்ததும் பாவுக்குக் கஞ்சி போடுகிறோம்.